முதல் சொட்டு யாருடையது?

மே 7, செவ்வாய். கோச்சபம்பா.

காலையில் முதல் நோயாளி வரவில்லை. பல்வலி நின்றிருக்கும். வலி நின்றதும் டாக்டரை மறந்துவிடுவதும், திரும்ப வந்ததும் ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் கதவை இடிப்பதும் இந்த ஊர் வழக்கம். நல்லதாய்ப் போயிற்று, பெட்டி கட்ட நேரம் கிடைத்தது.

சுலேமா வந்து என் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, நான் மடித்து வைப்பதை எல்லாம் எடுத்துக் கலைத்துப் பார்த்தாள். தங்கை என்று ஒருத்தி இருப்பது இதற்குத்தான்.

"அம்பத்தொம்பது வயசுல மாப்பிள்ளை பாக்கப் போற. நடத்து, நடத்து."

"ஊர் பாக்கப் போறேன்டி."

"சூக்ரேல பாக்க என்ன இருக்கு? சுண்ணாம்பு அடிச்ச சுவரு."

அவள் சொல்வதும் சரிதான். ரெம்பெர்தோ இல்லாவிட்டால் நான் அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். மனுஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது. இரண்டு வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்தில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் போன். இந்த கார்னிவலின்போது நேராகவே கேட்டுவிட்டார்: "கல்யாணம் பண்ணிக்கலாமா, நெல்பா?" வந்து பார்த்துவிட்டு, ஊர் திரும்புவதற்குள் பதில் சொல்கிறேன் என்றேன். சரி என்றால் இந்த கிளினிக்கை மூடிவிட்டு அங்கே போக வேண்டும். இல்லை என்றால் சாயங்காலப் போன் நின்றுபோகும். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். முதல் புருஷன் ஒஸ்வால்தோவோடு வாழ்ந்த வாழ்க்கையில் கற்றுக்கொண்டது அது ஒன்றே. ஒருரோ ஊரில் அவனுக்கு இன்னொரு வீடும் இன்னொரு பெண்டாட்டியும் இருந்தது எனக்குத் தெரிய வரும்போது அங்கே மூத்தவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். ஆம்பளை குறட்டை விடட்டும், தொப்பை போடட்டும், கஞ்சனாகக்கூட இருந்துவிட்டுப் போகட்டும். மறைக்கக் கூடாது.

பெட்டியில் மேலாக வெள்ளைச் சட்டையை வைத்தேன். சுலேமா எழுந்து உட்கார்ந்தாள்.

"சல்தேஞா திங்கப் போற இடத்துக்கு வெள்ளையா?"

"அதுக்குத்தான் வெள்ளை."

கையடக்கமான அந்த மாவுப் பொட்டலத்துக்குள் கறியும் உருளைக்கிழங்கும் பட்டாணியும் கொதிக்கிற சாறில் முங்கிக் கிடக்கும். மேல் முனையைக் கடித்து, சாறை உறிஞ்சி, அப்புறம்தான் கீழே இறங்க வேண்டும். மேஜையில் யார் முதல் சொட்டைச் சிந்துகிறாரோ அவர் தலையில் எல்லார் பில்லும். முதல் சொட்டுக்குத்தான் தண்டனை. அதற்குப் பிறகு யார் சாறில் குளித்தாலும் கேட்பாரில்லை. நான் சிந்தி, யாரும் பார்த்ததில்லை. அதைச் சூக்ரேக்காரர்களும் பார்க்கட்டும்.

மே 9, வியாழன். சூக்ரே.

வந்து சேர்ந்தேன். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஈறு வீக்கம். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அப்புறம் அவர் என்னோடு பேசவே இல்லை.

ரெம்பெர்தோ விமான நிலையத்தில் கோட்டுப் பையில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றார். என் பெட்டியைத் தூக்கவில்லை! டாக்சிக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார். கோச்சபம்பாவில் இப்படி ஒரு ஆள் நின்றால் கையில் என்ன மருதாணியா என்று கேட்டிருப்பார்கள். இந்த ஊர்க் கனவான்கள் இப்படித்தான் போலிருக்கிறது. நாட்டுக்கே தலைநகரம் நாங்கள் என்று இன்னமும் மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்கள். ஜனாதிபதி, மந்திரி, ஆபீஸ் எல்லாம் லா பாஸுக்குப் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவர்களிடம் மிச்சம் இருப்பது கோர்ட்டும், தூக்கி வைத்த முகமும்.

ஆனால் ஆள் சிரித்தால் நன்றாக இருக்கிறார். எல்லாம் சொந்தப் பல். இதையும் எழுதிவைக்கிறேன், நியாயம் நியாயம்தானே.

மே 10, வெள்ளி

பத்தரை மணிக்கு ஹசிந்தா அம்மாவின் கடை. எலுமிச்சை மரம் நிற்கிற உள்முற்றத்தில் கொஞ்சம் மேஜைகள், அவ்வளவுதான் கடை. காலைச் சாப்பாடும் முடிந்து மதியச் சாப்பாடும் வராத அந்த நேரத்தில்தான் ஊரே அங்கே இருக்கிறது. பன்னிரண்டுக்கு மேல் போய்க் கேட்டால், "மத்தியானத்துலயா சல்தேஞா?" என்று ஹசிந்தா அம்மா மூளை பிசகினவளைப் பார்ப்பது மாதிரி பார்ப்பாராம்.

ரெம்பெர்தோவின் மேஜை மூலையில் இருக்கிறது. அவர் நாற்காலி சுவரை ஒட்டி. வருஷக்கணக்காக அதே இடமாம். கூட இரண்டு பேர். ஒருத்தி அவர் அக்கா எர்மெலிந்தா. நீளக் கழுத்து, அதில் முத்துமாலை. என்னை "டாக்டர்" என்று கூப்பிடுகிறாள். ஆனால் அந்தக் குரலில் 'வெறும் பல்லுதானே' என்பதும் சேர்ந்து வருகிறது. இன்னொருவர் பாசிலியோ, வக்கீலாக இருந்தவர். (இந்த ஊரில் யார்தான் வக்கீல் இல்லை.) கீழ்ப்பல் செட்டு அளவு சரியில்லை. பேசினால் டக் டக்கென்று அடிக்கிறது. எந்தப் புண்ணியவான் கட்டினானோ.

"டாக்டரம்மா வெள்ளைச் சட்டையில வந்திருக்காங்க," என்றார் பாசிலியோ. டக். "தைரியசாலி."

"பழக்கம்தான்," என்றேன்.

எர்மெலிந்தா என் சட்டையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

சல்தேஞா வந்தது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், எங்கள் ஊரில் இந்தச் சாறு கிடையாது. மேல்மாவில் லேசான இனிப்பு, கடித்ததும் மிளகாய் நாக்கின் ஓரத்தில் வந்து உட்கார்கிறது, அப்புறம் கறியின் கொழுப்பு வந்து அதைச் சமாதானப்படுத்துகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த கடியில் ஆலிவ் கொட்டை பல்லில் இடறிற்று. கொட்டையை எடுக்காமல் போடுகிறார்கள், அறிவு வேண்டாமா? கண்ணைத் திறந்து, பல்லை நாக்கால் தடவிப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டேன்.

"ஐயையோ!"

எர்மெலிந்தா. சாறு மொத்தமும் முத்துமாலை வழியாக இறங்கி மடிக்குப் போய்விட்டது. ஒரு சொட்டு இல்லை, ஒரு டம்ளர். கோயில் மணியை நிறுத்துகிற மாதிரி கத்துகிறாள். பாசிலியோ எழுந்து கைதட்டினார், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பி நின்று சிரித்தார்கள், ஹசிந்தா அம்மா துணியோடு ஓடி வந்தார். "இன்னைக்கு என் தலையிலதான்," என்று எர்மெலிந்தா ராணி மாதிரி அறிவித்தாள்.

அமளி அடங்கியபோது ரெம்பெர்தோ சாப்பிட்டு முடித்துத் தட்டைத் துணியால் மூடி வைத்திருந்தார். அவர் மட்டும்தான் அந்தக் கூட்டத்தில் ஒழுங்கானவர் என்று நினைத்துக்கொண்டேன். சாறு ஆறட்டும் என்று காத்திருந்து சாப்பிடுகிறார், பாவம், நாக்கு மென்மை போலிருக்கிறது.

இவ்வளவு பெரிய குடும்பத்துப் பெண்மணிக்கு ஒரு சல்தேஞா சாப்பிடத் தெரியவில்லையே. சுலேமாவிடம் போனில் சொன்னேன், மூச்சு முட்டச் சிரித்தாள்.

மே 11, சனி

இன்று வக்கீலின் முறை. முதல் கடியிலேயே கால்சட்டையில் கொட்டிக்கொண்டு, "ஆட்சேபணை! ஆட்சேபணை!" என்று கூவினார். எழுபது வயது. கழுத்தில் துணி கட்டி ஊட்டிவிட ஆள் வேண்டும். மறுபடி அதே கைதட்டல், அதே சிரிப்பு, எல்லார் கண்ணும் அவர் கால்சட்டையில். ரெம்பெர்தோ பின்னால் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க ஊர்ல அஞ்சு வயசுக் குழந்தைகூட இப்படிச் சிந்தாது," என்றேன்.



"உங்க ஊர்ல ரொம்ப சமர்த்தான குழந்தைங்க போலிருக்கு," என்றாள் எர்மெலிந்தா. "பெரியவங்க எப்படி?"

ஹசிந்தா அம்மா என் முன்னால் இரண்டு கைத்துணியைக் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார். எனக்கு எதற்கு?

சாயங்காலம் பாட்டுக் கச்சேரி, கூடவே குவேக்கா ஆட்டம். கைக்குட்டையை வீசி வீசி ஆடுவதற்கு நான் எழுந்து நின்று கை நீட்டினேன். ரெம்பெர்தோ முழங்கால் வலி என்றார். காலையில் அந்த முழங்காலோடுதான் மேட்டுத் தெருவில் எனக்கு முன்னால் ஏறினார். கடைசியில் பாசிலியோவோடு ஆடினேன். அவர் பல் தாளம் தப்பாமல் போட்டது.

ஆடத் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகலாமே. முழங்கால் எதற்கு?

மே 12, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

எர்மெலிந்தா பூசைக்குப் போயிருந்தாள், வர நேரம் ஆகும் என்றார்கள். மேஜையில் நாங்கள் மூன்று பேர். சல்தேஞா வந்ததும் பாசிலியோ அவசரமாக எடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். நிறுத்தியிருக்கக் கூடாது. நிறுத்தினேன்.

"நில்லுங்க. இன்னைக்கு உங்களுக்கு ஒரு பாடம். ரெம்பெர்தோ எப்படிச் சாப்பிடறார்னு பாருங்க. இந்த ஊர்லயே சிந்தாத ஒரே ஆளு இவருதான். வாத்தியாரே, சொல்லிக் குடுங்க."

நல்ல சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து மேஜைகளும் திரும்பின. நான் சபை கூட்டிவிட்டேன்.

பாசிலியோவின் முகத்தில் ரத்தம் இல்லை. ரெம்பெர்தோ என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பையிலிருந்து கையை எடுத்தார். சல்தேஞாவைத் தூக்கினார்.

தட்டிலிருந்து ஒரு சாண்தான் தூக்கியிருப்பார் —

ஹசிந்தா அம்மா பின்னாலிருந்து வந்து, கையில் இருந்த ஜாடியை, பீச் பழம் ஊறிய சர்க்கரைத் தண்ணீர் முழு ஜாடியை, பாசிலியோவின் தலையில் கவிழ்த்தார். ஊறின பீச் ஒன்று அவர் காதோரம் ஒட்டிக்கொண்டு நின்றது. முற்றமே வெடித்துச் சிரித்தது. "கால் தடுக்கிடுச்சு, சாமி, கால் தடுக்கிடுச்சு!" என்று ஹசிந்தா அம்மா வாயில் அடித்துக்கொண்டார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தரையைப் பார்த்தேன். தடுக்க அங்கே ஒன்றும் இல்லை. பளிங்கு மாதிரி தரை.

அப்புறம் மூலையைப் பார்த்தேன். ரெம்பெர்தோ இன்னும் சல்தேஞாவைக் கீழே வைத்திருக்கவில்லை. வைக்க முடியாமல் தட்டைத் தேடிக்கொண்டிருந்தது கை. சாறு விரல் வழியாக மணிக்கட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் நாற்காலியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிற கை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பயத்தில் நடுங்குவது வேறு. இது வேறு.

பெட்டி தூக்காதது, முழங்கால், மூடி வைத்த தட்டு — எல்லாம் வரிசையாக வந்து எதிரில் உட்கார்ந்தன. எர்மெலிந்தாவின் முத்துமாலையும், வக்கீலின் கால்சட்டையும். நான்தான் கேலி பண்ணினேன். அஞ்சு வயசுக் குழந்தையாம்.

அதே நாள், சாயங்காலம்

இல்லை, வெட்கப்பட்டது போதும். இப்போது கோபம்தான்.

ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா தினமும் போன்ல பேசினானே, மழை பெஞ்சது, பூனை குட்டி போட்டது, பக்கத்து வீட்டுக்காரன் ஓடு மாத்தினது, எல்லாம் சொன்னானே. ஒரு வார்த்தை சொன்னானா? நான் கிளினிக்கை மூடிட்டு, நாற்காலியை வித்துட்டு வந்து இறங்கினப்புறம் சொல்லுவானா? இல்ல அப்பவும் முழங்கால்தானா? எனக்குன்னு வந்து வாய்க்கிறதெல்லாம் ஏன் இப்படியே இருக்கு?

ஹோட்டல் அறைக்கு எர்மெலிந்தா வந்தாள். சொல்லாமல் வந்தாள். நாற்காலியில் உட்காராமல், முத்துமாலையை உருட்டிக்கொண்டே நின்றாள்.

"பாத்துட்டீங்க."

"பாத்தேன். எத்தனை நாளா?"

"அதுவும் ரெண்டு வருஷத்துக்குப் பக்கம். ஒரு நாள் கடையில முதல் சொட்டு அவனுது. சொட்டு என்ன, எல்லாமே மேல கொட்டிடுச்சு. வழக்கம்போல எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். மறுநாள் அவன் வரல. வயித்து வலின்னான். வாரக்கணக்கா வயித்து வலி. அப்புறம் பாசிலியோ போயி இழுத்துட்டு வந்தாரு. அன்னைக்கு அவன் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே பாசிலியோ தன் மேல கொட்டிக்கிட்டாரு."

"பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"யாரும் யாரோடவும் பேசல. மறுநாள் நான் கொட்டினேன். ஒரு தடவை தபால்காரர்கூட. கொட்டுறதுன்னா பெருசா கொட்டணும், கத்தணும். எல்லாரும் நம்மளப் பாக்கணும். அந்த நேரத்துல அவன் சாப்பிட்டுடுவான்." மாலையை விட்டாள். "நமக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. தயவு செஞ்சு சொல்லிடாதீங்க."

"என்கிட்ட அவர் மறைச்சிருக்கார்."

"அதை அவன்கிட்டயே கேளுங்க." கதவுவரை போய்த் திரும்பினாள். "உங்க வெள்ளைச் சட்டையைப் பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, தெரியுமா? இவளுக்குக் கறை வேண்டாம், நமக்கு மட்டும் கறையா அப்படின்னு."

அவள் போன பிறகுதான் அவளைப் பிடிக்க ஆரம்பித்தது. வயிற்றெரிச்சலை முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

மே 13, திங்கள்

ரெகொலெத்தா மேட்டில், பழைய மடத்தின் வளைவுகளுக்குக் கீழே நானும் ரெம்பெர்தோவும் உட்கார்ந்தோம். கீழே ஊரின் ஓடுகள். காற்று நன்றாக இருந்தது, ரசிக்க மனசில்லை.

"கையை வெளியே எடுங்க," என்றேன்.

எடுத்தார். மடியில் வைத்தார். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதை வேறு யாரோ மூன்றாவது ஆள் மாதிரி பார்த்தோம்.

"டாக்டர் இதுக்கு ஒரு பேர் சொன்னாரு. பேர் ரொம்ப நீளம், மாத்திரை ரொம்பச் சின்னது. இன்னும் மோசமாகுமாம்."

"ஏன் சொல்லல?"

"போன்ல கை தெரியல. தெரியாததுல எனக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"என் முதல் புருஷனும் அப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தான்."

அவருக்கு அது உறைத்தது. உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா, நெல்பா?"

"தெரியாது. அதை நான் யோசிச்சிருக்கணும். நீங்க எனக்குப் பதிலா யோசிச்சுட்டீங்க. அதான் கோபம். கை இல்ல."

 பிறகு, கடையில் நடப்பது தெரியுமா என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். மனுஷன் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"தெரியாம? பாசிலியோ நீதிமன்றத்துலயே பொய் சொல்லத் தெரியாம தோத்தவன். எர்மெலிந்தா சின்ன வயசுலேர்ந்து ஒரு பருக்கை சிந்தினதில்ல. முதல் வாரமே தெரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க?"

"சொன்னா நிறுத்திடுவாங்களே. வாத்தியார் வேலையில இருந்தப்பகூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைச்சதில்ல. அதோட, அந்த வக்கீல் கால்சட்டையை நனைச்சுக்கறதைப் பாக்கறதுல ஒரு சுகம் இருக்கு. அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

ஆக, அக்காள் தம்பியிடம் சொல்லாதே என்கிறாள், தம்பி அக்காளிடம் சொல்லாதே என்கிறார். ஊர் முழுக்க சட்டையைக் கெடுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. இந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலா நான் வந்து குடியேற வேண்டும்?

"நாளைக்குக் கிளம்பறேன்," என்றேன். "பதில் இப்போ இல்ல." சரி என்றார். கையைத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனார், வைக்காமல் மடியிலேயே விட்டுவிட்டார்.

மே 14, செவ்வாய்

மதியம் விமானம். வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம் என்று கடைக்குப் போனேன். (யாரை ஏமாற்றுகிறேன்.) எல்லாரும் இருந்தார்கள். எர்மெலிந்தா கொட்டினாள், கத்தினாள். அளவு, குரல், முகம் எல்லாம் அளந்து வைத்த மாதிரி. இன்று தெரிந்து பார்த்தேன், பிரமாதமாகச் செய்கிறாள். நான் ஒரு சொட்டு சிந்தாமல் சாப்பிட்டேன். சாறு முதல் நாள் மாதிரியே இருந்தது. இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை.

எழுந்தபோது ரெம்பெர்தோவும் எழுந்தார். எல்லார் முன்னாலும் பையிலிருந்து கையை எடுத்து என்னிடம் நீட்டினார். ஆடிக்கொண்டே வந்தது. மேஜையில் இருந்தவர்கள் ஒன்றுபோல எலுமிச்சை மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதில் ஒரு காய்கூட இல்லை.

நான் பிடித்துக் குலுக்கினேன். சூடான கை. வந்துவிட்டேன்.

மே 22, புதன். கோச்சபம்பா.

சுலேமாவோடு நம்ம தெருக்கோடிக் கடையில் சல்தேஞா. அவளும் சிந்தவில்லை, நானும் சிந்தவில்லை. சுற்றிலும் ஒருவர்கூட சிந்தவில்லை. எல்லாரும் சுத்தமாகச் சாப்பிட்டு, சுத்தமாக வாய் துடைத்து, எழுந்து போனார்கள். இப்படி ஒரு சப்பென்ற சாப்பாடு நான் சாப்பிட்டதே இல்லை.

சுலேமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஒஸ்வால்தோ ஒரு பொண்டாட்டியை மறைச்சான்க்கா. இவரு ஒரு கையை மறைச்சாரு. ரெண்டும் உனக்கு ஒண்ணா?"

"மறைக்கறது மறைக்கறதுதான்."

"நீ தலைக்குச் சாயம் போடறதை அவருகிட்ட சொல்லிட்டியா?"

அவளைக் கடவுள் அடுத்த ஜென்மத்திலாவது எனக்குத் தங்கையாக அனுப்பாமல் இருக்க வேண்டும்.

ஜூன் 3, திங்கள்

ரெம்பெர்தோவுக்கு நானே போன் செய்தேன். பேசவில்லை, திட்டினேன். அவன், இவன் என்றெல்லாம்கூட வந்துவிட்டது. அவர் நடுநடுவே "உம்" என்றார். கடைசியில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "இன்னைக்குக் கை மோசம், நெல்பா. பொத்தான் போட முடியல," என்றார். நான் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார்.

சாயத்தைப் பற்றி நானும் சொல்லிவிட்டேன். அவருக்கு அது கல்யாணத்தில் பார்த்த அன்றே தெரியுமாம்.

ஜூன் 4, செவ்வாய்

"இன்னைக்குப் பரவாயில்ல," என்றார்.

செப்டம்பர் 22, ஞாயிறு. சூக்ரே.

பாசிலியோவின் புதுப் பல்செட்டு நேற்றுத்தான் சரியாக உட்கார்ந்தது. டக் சத்தம் நின்றுவிட்டது. ஊரில் பாதிப் பேர் அவர் வருவது தெரியாமல் திடுக்கிடுகிறார்கள் என்று ஹசிந்தா அம்மா என் மேல் குறை சொல்கிறார். சரி என்று சொல்லி இங்கே கொண்டுவந்த கிளினிக்குக்குக் கூட்டம் மோசமில்லை. ஆலிவ் கொட்டையை யாரும் எடுப்பதில்லை, அதுவரை எனக்குப் பிழைப்பு ஓடும்.

காலையில் எர்மெலிந்தாவோடு சண்டை. இன்று தன் முறை என்று அவள் சொல்கிறாள், பேசி வைத்துக்கொள்வதே கிடையாது என்று அவள்தானே சொன்னாள், அப்புறம் என்ன முறை? சல்தேஞா வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுத்தோம். நான் முந்திவிட்டேன். முழுச் சாறும் வெள்ளைச் சட்டையில். கத்தலும் இப்போது நன்றாக வருகிறது. பக்கத்து மேஜைக் குழந்தை பயந்து அழுதுவிட்டது.

கைதட்டல், சிரிப்பு, துணி. எல்லாம் அடங்கி நான் உட்கார்ந்தபோது, ரெம்பெர்தோ தட்டை மூடிவிட்டு என் காதுப்பக்கம் குனிந்தார்.

"உங்க ஊர்ல அஞ்சு வயசுக் குழந்தைகூட சிந்தாதுன்னீங்களே?"

"அது அந்த ஊர்ல," என்றேன். மேஜைக்குக் கீழே அவர் கை என் முழங்காலில் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளவில்லை. ஆடட்டும் என்று விட்டிருந்தேன்.

சலவைக்காரி சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், மிளகாய்க் கறை போகாதாம். தையல்காரரிடம் பழுப்பு நிறத்தில் அரை டஜன் தைக்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல கெட்டித் துணியாகப் போடுங்கள், ரொம்ப வருஷம் உழைக்க வேண்டும் என்றேன்.